முழங்கால் தழும்பைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் 1890-களின் கடைசியில் மதராஸில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். 'போனவன் ஒரு காசு அனுப்பல, நம்மள மறந்துட்டான்' என்பதுதான் மூன்று தலைமுறையாக வீட்டுப் பேச்சு. அவர் வழி வந்தவர்கள் இன்று எங்களுக்குக் கிடைத்திருக்கிறார்கள் என்றால் அது உங்களால்தான்.

முதல் நன்றி, நேட்டாலின் துறைமுக நகரமான டர்பனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. 1860-இல் போன 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை அங்கே ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெயரை மட்டும் வைத்துத் தேட வழியில்லை. முனுசாமி அங்கே மூன்சாமி, நாயக்கர் நைக்கர். கப்பல் பதிவேடுகளை வரிவரியாகப் பார்த்து, தகப்பன் பெயர், போளூர் தாலுகா, வட ஆற்காடு ஜில்லா மூன்றும் ஒத்துவந்த ஒரே வரியைப் படமெடுத்து அனுப்பினார். அதில் அங்க அடையாளம்: முழங்காலில் தழும்பு.

உருத்தெரியாமல் எழுதியிருந்த ஊர்ப்பெயரை, ஞாயிற்றுக்கிழமையையும் பாராமல் பழைய பதிவேடுகளைப் புரட்டி, எங்கள் ஊர்தான் என்று உறுதிசெய்தவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலர். அவருக்கும் நன்றி.

அத்தைப் பாட்டிக்கு வயது 88. தழும்பு என்று நான் வாசித்ததும், "வலது காலுதானே? கவல ஓட்டுறப்ப மாடு முட்டுனது. எங்கப்பா சொல்லுவாரு" என்றார். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றில் நீர் இறைப்பது. வலது கால்தான். பாட்டி, உன் ஞாபகம் இல்லையென்றால் அந்தக் காகிதம் வெறும் காகிதம்.

ஆசிரியர் ஐயா இன்னொன்றும் விளக்கினார். முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு, அதாவது 60 ஷில்லிங், தலைவரி. அந்தச் சம்பளத்தில் அது ஆறு மாதக் கூலி. மனைவிக்குத் தனி, 13 வயது தாண்டிய மகளுக்குத் தனி. 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. காசு அனுப்பவில்லை என்று அவரை வைததை நினைத்தால் நெஞ்சை அடைக்கிறது.

கடைசியாக, அவர் வழியில் பிறந்து டர்பனிலிருந்து வந்த தங்கச்சிக்கு. அவளுக்குத் தமிழ் பேச வராது. ஆடியில் கூழ் ஊற்றுகிற அன்று வந்தாள். யாரும் சொல்லாமலே சொம்பை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள். அங்கேயும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்களாம்.

நன்றியுடன்,
போளூர் வட்டத்திலிருந்து உங்கள் குடும்பத்தார்