மணிக்கட்டு பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பினாங்கில் அனைவரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் பால்குடத்துடன் ஏறி முடித்த உன் படத்தை அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் காட்டிப் பூரித்தேன். ஆனால், இறங்கியபின் எடுத்த படத்தில் குடம் உன் இடது கையில் இருக்கிறது. வலது கையை வயிற்றோடு அணைத்து வைத்திருக்கிறாய். அன்றிலிருந்து எழுதி அனுப்புவதையும் விட்டுவிட்டாய்; குரல்பதிவு மட்டுமே வருகிறது.

நான் எதையும் கேட்கவில்லை. எலும்பு வார்டில் தாதியாக இருந்தவள் என்ற முறையில் பொதுவாகச் சொல்கிறேன். வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றும்போது உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் ரேடியஸ் என்ற முன்கை எலும்பின் கீழ்முனை முறியும். கை வளைந்து வீங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். உன் வயதினருக்கோ, கட்டைவிரல் பக்கமுள்ள ஸ்காஃபாய்டு என்ற சிறிய எலும்பு முறியும். வீக்கம் அதிகம் இராது, வலியும் சில நாளில் மட்டுப்படும். அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து நுழைந்து பின்னோக்கிச் செல்வதால், நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு மாதக்கணக்கில் கழித்து வந்த இளைஞர்களுக்கு, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்துத் திருகாணி போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டைவிரலை நன்றாக மேலே தூக்கு. அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு குழி விழும். அதை அழுத்திப் பார். வலித்தால் எக்ஸ்-ரே எடு. முதல் படத்தில் விரிசல் தெரியாமலும் போகலாம்; ஆகையால், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாலும் கையை அசையாமல் கட்டி வைத்து, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடியும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும்.

தோளிலிருந்து விரல்நுனி வரை 30 எலும்புகளின் பெயரையும் பள்ளி வயதிலேயே என் குறிப்பேட்டைப் பார்த்து ஒப்பித்தவள் நீ. அப்படிப்பட்டவள் என்னிடமே மறைக்கலாமா? எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, எக்ஸ்-ரே எடுத்துவிடு.

சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் வருகிறேன். கே.எல். சென்ட்ரலுக்கு நீ வர வேண்டாம். பையை நானே தூக்கிக்கொள்வேன். எக்ஸ்-ரே படத்தை மட்டும் வீட்டில் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா