அளவு மட்டும் அனுப்பு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். புது ஸ்வெட்டர் பின்ன உன் மார்பளவு கேட்டு மூன்று வாரம் ஆகிறது. "பழைய அளவே போதும்மா" என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய். பழைய அளவு என்றால் எது? என் நோட்டில் உன் பேருக்குக் கீழே ஆறு அளவு இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும்போது எடுத்த 64 சென்டிமீட்டரிலிருந்து ஆரம்பிக்கிறது. கடைசியாக எடுத்தது 92. அதை எடுத்தபோது நீ சிரித்துச் சிரித்து டேப்பை நழுவவிட்டாய், நான் மூன்று தடவை திரும்ப அளந்தேன். சரி, 92 என்றே வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் உன் போட்டோவைக் காட்டினான். சாம்பல் நிற கோட்டு போட்டு நிற்கிறாயே, அது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஸ்வெட்டர் பின்னுகிறவளுக்கு ஆளைப் பார்த்ததும் முதலில் தோள் தையல்தான் கண்ணில் படும். கோட்டின் தோள் தையல் உன் தோளில் இல்லை, நாலு விரல் கீழே கையில் கிடக்கிறது. இப்போதெல்லாம் தொளதொளவென்று போடுவதுதான் வழக்கம் என்று அண்ணன் சொன்னான். இருக்கலாம். கழுத்துப் பட்டையும் அப்படித்தான் நிற்குமா என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

உன் வேலையில் உன்னைக் குழுவுக்குத் தலைமையாகப் போட்டிருக்கிறார்களாமே. அதையும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அப்பா இரண்டு நாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் பெருமைதான். நேரே எங்களிடம் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடப் பெருமையாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை நூல் வேறு மாதிரி. லேபிளில் 'பூக்லே' என்று போட்டிருக்கிறது. பிரெஞ்சில் சுருண்டது என்று அர்த்தமாம். நான் சுருட்டை நூல் என்றுதான் சொல்கிறேன். பிரித்துப் பார்த்தேன். நடுவில் ஒரு இழை விறைப்பாக ஓடுகிறது. இன்னொரு இழை தளர்வாக அதைச் சுற்றி வருகிறது, தளர்ந்த இடமெல்லாம் குட்டிக் குட்டி வளையமாகச் சுருண்டு நிற்கிறது. அந்த வளையம் நகராமல் இருக்க மயிரிழை போல மூன்றாவதாக ஒரு நூல் கட்டிப்போட்டிருக்கிறது. கையில் எடுத்தால் ஆட்டுக்குட்டி முதுகைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. அப்பா தேர்ந்தெடுத்த நூல். அவர் பின்னப்போவதில்லை அல்லவா, அதனால் சுலபமாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

இந்த நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. சாதா நூலில் ஒரு வரிசை பின்னினால் ஒவ்வொரு கண்ணியும் 'வி' எழுத்து மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும், தூரத்திலிருந்தே எண்ணலாம். இதில் எல்லாம் ஒரே மேகம். ஊசியில் இருக்கிற கண்ணியை விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். கூர்மையான ஊசி வளையத்துக்குள்ளே குத்திக்கொண்டு போய்விடுகிறது. அதனால் முனை மழுங்கிய 6 மில்லிமீட்டர் ஊசியை எடுத்துக்கொண்டேன், அது உன் பாட்டியுடையது. வரிசையைத் துணியில் பார்த்து எண்ணவே முடியாது. பத்து வரிசைக்கு ஒரு தடவை ஓரத்தில் சிவப்பு நூல் துண்டு ஒன்று முடிந்து வைக்கிறேன்.

முதலில் மாதிரித் துண்டு பின்னி அளந்தேன். 10 சென்டிமீட்டருக்கு 13 கண்ணி வந்தது. துவைத்துக் காயவைத்து அளந்தால் 12. துவைக்காமல் கணக்குப் போட்டிருந்தால் ஸ்வெட்டர் முதல் துவைப்பிலேயே பெரிதாகியிருக்கும். இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், துவைத்துவிட்டு அள, துவைத்துவிட்டு அள என்று. நீ கல்லூரியில் பின்னிய அந்த மஞ்சள் சமாசாரத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கணக்கைக் கேள். 92-க்கு 8 சேர்த்தால் சுற்றளவு 100. சட்டைக்கு மேலே போடுவதற்கு அந்த 8 வேண்டும். பின்பக்கம் பாதி, 50. பத்துக்கு 12 என்றால் 60 கண்ணி, தையலுக்குள் போக ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு. ஆக 62. அதைத்தான் போட்டிருக்கிறேன். நீ 86 ஆகியிருந்தால் அது 58. நாலு கண்ணிதான் வித்தியாசம். நாலு கண்ணி என்று சொல்லும்போது ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. முன்னும் பின்னும் சேர்த்து உடம்பில் அது ஆறு சென்டிமீட்டர், பாப்பா.

கீழ் பார்டர் மட்டும் அதே நிறத்தில் சாதா நூல், 5 மில்லிமீட்டர் ஊசியில், ஒரு கண்ணி நிட், அதாவது நேர்ப் பின்னல், அடுத்த கண்ணி பர்ல், அதாவது புரட்டுப் பின்னல். சுருட்டை நூலில் பார்டர் போட்டால் இழுத்துப் பிடிக்காது, தொங்கும். பக்கத் தையலுக்கும் சாதா நூல்தான், சுருட்டை நூல் தையல் ஊசியில் இழுக்க இழுக்கச் சிக்கும். உடம்புக்கு டிசைன் எதுவும் இல்லை. முறுக்குப் பின்னல் போடேன் என்று அப்பா சொன்னார். இந்த நூல் எந்த டிசைனையும் விழுங்கிவிடும், ஒரு மாதம் உட்கார்ந்து போட்டாலும் வெளியே தெரியாது என்றேன். அதோடு உள்பக்கத்தைத்தான் வெளிப்பக்கமாக வைக்கப் போகிறேன். வளையமெல்லாம் பர்ல் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டு வருகிறது, அங்கேதான் அழகு. உள்பக்கம் வெளியே தெரிகிற ஸ்வெட்டரை இந்த வயதில்தான் முதல் தடவையாகப் பின்னுகிறேன்.

போன வாரம் ஒரு கண்ணி நழுவிவிட்டது. நழுவியது தெரியவே இல்லை. பதினைந்து வரிசை தாண்டி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஊசி முனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. சாதா நூலாக இருந்தால் இழுத்த இழுப்புக்குச் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். இது வராது. ஒரு வளையம் பக்கத்து வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது, வேகமாக இழுத்தால் நடுவில் இருக்கிற இழை அறுந்துபோகிறது. ஒவ்வொரு கண்ணியாக, நகத்தால் விலக்கி விலக்கிப் பிரித்தேன். மூன்று ராத்திரி. அப்பா விளக்கை அணைக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டார். இப்போது பத்து வரிசைக்கு ஒரு தடவை ஊசியில் இருக்கிற எல்லாக் கண்ணிக்குள்ளும் வழுவழு நூல் ஒன்றைக் கோத்து விட்டுவிடுகிறேன். இனி எது நழுவினாலும் அந்த நூலுக்குக் கீழே போகாது. முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், நூல் எத்தனை வாங்குவது என்று தெரியாமல் நிற்கிறேன். உனக்கு 50 கிராம் உருண்டை எட்டு போதும், வாங்கியாயிற்று. மாப்பிள்ளைக்கும் ஒன்று பின்னட்டுமா என்று கேட்டிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை. ஒரே சாயத்தொட்டியில் முக்கியெடுத்த நூலுக்கு லேபிளில் ஒரே எண் இருக்கும். அந்த எண் தீர்ந்துவிட்டால் அடுத்த தடவை வருவது அதே நிறம் மாதிரி இருக்கும், பக்கத்தில் வைத்தால் கோடு விழுந்த மாதிரி தெரியும். அதனால்தான் கேட்கிறேன். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல். ஏன் என்று நான் கேட்கமாட்டேன். நூல் விஷயம்தானே.

துவைப்பதைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். பச்சைத் தண்ணீர். முறுக்கிப் பிழியாதே. துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாக விரித்துக் காயவை. கம்பளி இழை மேலே மீன் செதில் மாதிரி இருக்கும். சுடுதண்ணீரில் தேய்த்தால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு துணி இறுகிவிடும், பிறகு யார் நினைத்தாலும் பிரிக்க முடியாது. அப்பாவின் நீல ஸ்வெட்டருக்கு நீ செய்ததை மறந்திருக்கமாட்டாய். ஹேங்கரில் மாட்டாதே, ஈரத்தில் அதன் எடையே அதை இழுத்து நீளமாக்கிவிடும். வளையம் எதிலாவது மாட்டி இழுத்துக்கொண்டு வந்தால் கத்தரிக்காதே, ஊசியால் உள்பக்கம் தள்ளிவிடு. பை வாரில் மாட்டும். மோதிரக் கல்லில் மாட்டும், நீ அதைப் போடுகிறாயோ என்னவோ.

அப்பா கண் இப்போது தேவலை. அண்ணன் வந்துவிட்டுப் போனான். வேறு விசேஷம் இல்லை.

பின்னல் மெஷின் செய்த அந்தப் பாதிரியார் கதையைச் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணுவாயே, ஞாபகம் இருக்கிறதா? வில்லியம் லீ. 1589-ல் இங்கிலாந்தில் காலுறை பின்னும் மெஷினைச் செய்தவர், எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்துவிட்டாள் என்று பரீட்சைக்குப் படித்தாய். அவர் விரும்பிய பெண், போகும்போதெல்லாம் குனிந்த தலை நிமிராமல் பின்னிக்கொண்டே இருந்தாளாம், அந்தக் கோபத்தில்தான் மெஷினே செய்தாராம். இந்த இரண்டாவது பாதி கதைதான் என்று நீயே சொல்வாய். சொல்லிவிட்டு, "அம்மா, உன்னைப் பார்த்திருந்தால் அவர் மெஷினோடு நிறுத்தியிருக்கமாட்டார்" என்பாய். எல்லோரும் சிரிப்போம். நானும்தான் சிரிப்பேன், பின்னிக்கொண்டே.

மூன்று ராத்திரி பிரித்தேன் என்றேன் அல்லவா, அப்போது இதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நீ கடைசியாக வந்திருந்தபோது அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் பின்னிக்கொண்டிருந்தேன். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி. அப்பா படுத்துவிட்டார். நீ வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்தாய். நூல் உருண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய், சின்னப் பிள்ளையில் செய்கிற மாதிரி. "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் விரலைத் தூக்கி, "இரு, எண்ணிட்டிருக்கேன், தப்பிப் போயிடும்" என்றேன்.

ஊசியில் 112 கண்ணி. நீ வாய் திறந்தபோது நான் எண்ணி முடித்திருந்தேன், பாப்பா. 112 சரியாக இருந்தது. திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினேன். உன் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நல்ல சேதி இல்லை என்று. என்ன சேதி என்று தெரியாது, அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கேட்டுவிட்டால் அதற்கு நான் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? எண்பதில் இருக்கும்போது நீ நூல் உருண்டையைப் பாய் மேல் வைத்தாய். நூறு வருவதற்குள் எழுந்து போய்விட்டாய். காலையில் கேட்கலாம் என்று நினைத்தேன். காலையில் பெட்டி கட்டுகிற அவசரம்.

எத்தனையோ தடவை 'இரு, எண்ணுகிறேன்' என்று சொல்லியிருக்கிறேன், பாதி நேரம் நிஜமாகவே எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு இல்லை. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை.

அந்தப் பச்சை ஸ்வெட்டரை நீ போட்டு ஒரு போட்டோகூட நான் பார்க்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இப்போது வேலை எதில் நிற்கிறது என்றால், பின்பக்கம் அக்குள் வரை வந்துவிட்டது, 35 சென்டிமீட்டர். ஊசி இரண்டு முனையிலும் ரப்பர் மாட்டி எடுத்து வைத்துவிட்டேன். பின்பக்கத்தை இனி மாற்ற முடியாது. முன்பக்கத்துக்கு இன்னும் கண்ணி போடவில்லை, அதனால் இன்னும் வழி இருக்கிறது. நீ இளைத்திருந்தால் குறைப்பதை எல்லாம் முன்பக்கத்திலேயே குறைத்துக்கொள்கிறேன். பக்கத் தையல் ஒரு விரல் முன்னால் தள்ளி வரும், அவ்வளவுதான், யார் கண்ணிலும் படாது. குண்டாகியிருந்தாலும் அப்படியே, முன்பக்கத்தில் கூட்டிக்கொள்ளலாம். எப்படி இருந்தாலும் சரிக்கட்டிவிடுவேன். எப்படி இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

அக்குளுக்குக் கீழே டேப்பைச் சுற்றி, ஒரு விரல் உள்ளே போகிற மாதிரி பிடித்து அள. மூச்சைப் பிடித்துக்கொண்டு அளக்காதே, எப்போதும் போல விட்டுக்கொண்டே அள. டேப் இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, சேருகிற இடத்தில் வெட்டி, அந்த நூலை உறையில் போட்டு அனுப்பிவிடு. எண்ணெல்லாம் எழுத வேண்டாம். உனக்கு எழுத வராவிட்டால் அதுவே போதும், நான் இங்கே அளந்துகொள்கிறேன்.

போன் பண்ணினாலும் சரிதான். எந்த நேரமானாலும்.

அன்புடன்
அம்மா

பி.கு. நூல் அனுப்பினால் இழுத்தால் நீளாத நூலாகப் பார்த்து அனுப்பு. கம்பளி நூல் வேண்டாம், அது நீண்டு கொடுத்து உன்னைக் குண்டாகக் காட்டிவிடும்.