சிறார் நாவலைப் பென்சிலோடு படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறார் நாவல் எழுத வருவோருக்கு ‘நிறைய வாசியுங்கள்’ என்று சொன்ன சென்ற இதழ்க் கட்டுரை, எப்படி வாசிப்பது என்பதைத் தொடவே இல்லை. புதியவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

பத்து முதல் பதின்மூன்று வயதினருக்காக அண்மையில் வந்த நாவல்கள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றையே குடைந்தால் அதன் சாயல் நம் எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் நாம் மயங்கிப் படித்த பழைய புத்தகம் வேண்டாம். அதில் குறையே கண்ணில் படாது. மொழிபெயர்ப்பு நாவல் கதைக்கட்டைப் பழக உதவும், நடைக்கு உதவாது.

முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நோட்டில் மூன்று வரி: பிள்ளைக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, அத்தியாய முடிவில் என்ன பாக்கி நிற்கிறது. முதல் சிக்கல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்றும் குறித்துவையுங்கள். அதன்பின் நம் கைப்பிரதியைத் திறந்தால், முதல் பத்துப் பக்கமும் ஊர் வர்ணனையாகக் கிடப்பது தெரியவரும்.

பெரியவர்கள் பேசும் இடங்களைச் சிவப்பில் கோடிடுங்கள். அதிகம் கெடுவது இங்கேதான். பிள்ளைகள் துப்புத் துலக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் வாத்தியாரோ, அம்மாவைப் பெற்ற அப்பிச்சியோ வந்து முடிச்சை அவிழ்த்து, புத்திமதியும் சொல்லிவிடுவார். தேர்ந்த நாவலில் அப்பிச்சி ஒரு சாவியையோ ஒரு தகவலையோ கொடுப்பார். கதவைத் திறப்பது பிள்ளைதான்.

வாக்கிய நீளத்துக்கு ஆங்கிலக் கையேடுகள் சொல்லும் சொற்கணக்கு நமக்குப் பொருந்தாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல். ஆகவே வினையெச்சங்களை எண்ணுங்கள். ‘எழுந்து, முகம் கழுவி, சைக்கிளை எடுத்து, வாய்க்கால் மேட்டைத் தாண்டி’ என்று நான்கை அடுக்கிவிட்டு அப்புறம் ஆளைச் சொன்னால், படிக்கிற பிள்ளை நடுவிலேயே நூலை விட்டுவிடும். நாவலில் பத்து வாக்கியம், நம் பிரதியில் பத்து வாக்கியம் எண்ணிப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். இரண்டு எச்சத்துக்கு மேல் போனால் வாக்கியத்தை உடைத்துவிடுவது நல்லது என்பேன்.

வட்டாரப் பேச்சு பற்றியும் சொல்ல வேண்டும். நம் கொங்குப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் ஊர்ச் சொல்லைக் கூச்சப்பட்டு ஒதுக்குகிறார்கள், இல்லையென்றால் பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டுப் பொருள் எழுதுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். ‘பொழுது சாயவும் எருமைகளைத் தொண்டுப்பட்டிக்குள் ஓட்டிப் படலைச் சாத்தினாள்’ என்றால் தொண்டுப்பட்டி எதுவென்று சென்னைப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) பெரியவர்களுக்கான நாவல்தான். ஆனாலும் கொங்குப் பேச்சை உரையாடலில் எப்படி அமர்த்துவது என்று பழக, அதில் ஒரு பக்கத்தைக் கையால் பெயர்த்து எழுதிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும்போது சிறார் நூல்கள் நிறைய வந்து குவியும். அவற்றில் மாதம் ஒரு நாவலை எடுத்து, ஒரே ஒரு அத்தியாயத்தை இப்படிப் பிரித்துக் காட்டும் பகுதியை உங்கள் இதழ் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.