‘ரெயின்போ மூன்ஸ்டோன்’ என்று விற்கப்படும் கல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய வீதிகளில் உள்ள அணிகலன் கடைகளில், வெண்ணிற உடலில் நீல ஒளி ஓடும் ஒரு கல்லை ‘ரெயின்போ மூன்ஸ்டோன்’ என்று விற்கிறார்கள். அக்கல் பதித்த மோதிரம் ஒன்றை என் மகள் வாங்கி வந்தாள். விரலுக்கு இறுக்கமாக இருந்ததால் பத்தரிடம் கொடுத்தோம். அவர் வளையத்தைத் தட்டி விரிக்கையில் கல் கத்தியால் அறுத்தாற்போல் இரண்டாகப் பிளந்தது. பத்தர் மீது குற்றமில்லை. அது இன்ன கல் என்று விற்றவர் எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்களும் பத்தரிடம் சொல்லியிருப்போம்.

அப்பெயரில் விற்கப்படுவது சந்திரகாந்தக் கல் (மூன்ஸ்டோன்) அன்று. லாப்ரடோரைட் என்னும் கனிமத்தின் வெளிர்நிற வகை. இரண்டும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமக் குடும்பத்தவை என்றாலும், முன்னதில் பொட்டாசியம் மிகுதி, பின்னதில் கால்சியமும் சோடியமும். ஒளிவிலகல் எண் (கல் தன்னுள் புகும் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) முன்னதற்கு ஏறத்தாழ 1.52, பின்னதற்கு 1.56 என்பதால், ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் சில நிமிடங்களில் வேறுபாடு தெரிந்துவிடும்.

லாப்ரடோரைட்டைத் தாழ்த்திச் சொல்வது என் நோக்கமன்று. இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதியில் 18-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்ட இக்கல்லின் கருநிற வகையில் தோன்றும் மயில்கழுத்து நிறத்துக்கு ஈடாக நான் வேறொரு கல்லைக் கண்டதில்லை. அந்நிறம் எந்தச் சாயத்தாலும் வந்ததன்று. பாறைக்குழம்பிலிருந்து உருவான படிகம் மெதுவாக ஆறும்போது கால்சியம் மிகுந்த பகுதியும் சோடியம் மிகுந்த பகுதியும் பிரிந்து, மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள அடுக்குகளாக மாறிமாறி அமைகின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள், மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் போலவே, ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் காட்டுகின்றன. அடுக்கு மெல்லியதானால் நீலம், தடித்தால் பொன்னிறமும் சிவப்பும். கல்லைச் சற்றே திருப்பினால் நிறம் அணைந்துவிடுவதும் இதனால்தான்.

ஆனால் இக்கல்லுக்குள் ஏறத்தாழ செங்கோணத்தில் சந்திக்கும் இரு பிளவுத்தளங்கள் உண்டு; ஓங்கி ஓர் அடி பட்டால் அத்தளத்திலேயே பிளக்கும். கடினம், 1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவுகோலில், 6 முதல் 6.5 வரையே என்பதால், 7 கடினமுள்ள குவார்ட்ஸ் கலந்த நம் கடற்கரை மணல்கூட அதைக் கீறிவிடும். ஒலி அதிர்வால் நகைகளைத் துப்புரவாக்கும் அல்ட்ராசோனிக் கருவியில் இட்டுக் கழுவுவதும் கூடாது. (சந்திரகாந்தக் கல்லுக்கும் இந்த எச்சரிக்கைகள் பொருந்தும்.)

ஆகவே, விற்பனைச் சீட்டில் ‘லாப்ரடோரைட்’ என்று கனிமத்தின் பெயரை எழுதுமாறும், மோதிரத்தின் அளவை மாற்றும் முன் கல்லைக் கழற்றிவிட வேண்டும் என்பதை வாங்குவோரிடம் வாய்மொழியாகவேனும் சொல்லுமாறும் நம் ஊர்க் கடைக்காரர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.