ஸ்டாண்டனைப் பற்றி நீ எழுதியதற்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'பாரிஸ், டெக்ஸாஸ்' படத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதில் நடித்த ஹாரி டீன் ஸ்டாண்டனைப் போன்ற ஒரு நடிகரைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் துண்டு வேடங்களில் வீணடித்துவிட்டு, 57 வயதில்தான் ஹாலிவுட் அவருக்கு ஒரு முழுப் படத்தைக் கொடுத்தது என்று கோபப்பட்டிருக்கிறாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆண்டுகள் வீணாயின என்பதை நான் ஏற்கமாட்டேன். அவை இல்லாவிட்டால் அந்தப் படத்தில் அவர் நடித்த டிராவிஸ் பிறந்திருக்கவே மாட்டான் என்பது என் கட்சி.

அவர் 1926இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, ஒகினாவாப் போரின்போது ஒரு கப்பலில் சமையல்காரராக இருந்தார். ஊர் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நாடக ஆசை பிடித்துக்கொள்ள, கலிஃபோர்னியாவுக்குப் போய் பாசடீனா நாடகப் பள்ளியில் பயிற்சி பெற்றார். 1950களிலிருந்து தொலைக்காட்சியில் வந்த 'கன்ஸ்மோக்' போன்ற கௌபாய் தொடர்களில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பெயர் நினைவில் நிற்காத அடியாள் வேடங்கள். அந்த ஒடுங்கிய கன்னத்தையும் குழிவிழுந்த கண்களையும் பார்த்தால் வேறென்ன வேடம் கொடுக்கத் தோன்றும்? 1960களில் அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நடிகர் ஜாக் நிக்கல்சன், தாமே எழுதிய ஒரு படத்தில் அவருக்கு ஒரு வேடம் தந்து, 'ஒன்றும் செய்யாதே, பாத்திரத்தை உடை பார்த்துக்கொள்ளும், நீ நீயாக இரு' என்ற பொருளில் சொன்னாராம். தம் நடிப்பு மாறியது அந்த யோசனையால்தான் என்று ஸ்டாண்டன் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த யோசனை எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க வேண்டுமானால், ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' (1979) படத்தை மறுபடி பார். விண்கலத்தில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரெட் என்ற தொழிலாளி அவர். யாஃபெட் கோட்டோ நடித்த கூட்டாளி ஊதியப் பங்குக்காகச் சண்டை பிடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று 'ரைட்' என்று தலையாட்டுவதே அவர் பேசும் வசனத்தில் முக்கால்வாசி. பிறகு காணாமல்போன பூனையைத் தேடிக்கொண்டு, மேலிருந்து சங்கிலிகள் தொங்கும் ஒரு பெரிய கூடத்துக்குள் தனியாக வருகிறார். எங்கிருந்தோ நீர் சொட்டுகிறது. நின்று, முகத்தை மேலே நிமிர்த்தி, அந்தச் சொட்டுகளைச் சிறிது நேரம் வாங்கிக்கொள்கிறார். கதைக்கு அது எந்த வகையிலும் தேவையில்லை, பார்ப்பவருக்குத்தான் தேவை. நாளெல்லாம் வேர்த்து உழைத்த ஒரு மனிதனுக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிட ஆறுதலைப் பார்த்துவிட்டதால்தான், பின்னாலிருந்து அந்த வேற்றுக்கிரக மிருகம் இறங்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

இனி டிராவிஸிடம் வருகிறேன். படம் தொடங்கி வெகு நேரம் அவன் வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்தைத் தாங்க, வசனமில்லாமல் திரையில் நிற்பதையே தொழிலாகச் செய்து பழகிய ஒருவர்தான் தேவைப்பட்டார். இயக்குநர் விம் வெண்டர்ஸுக்கும் கதை எழுதிய சாம் ஷெப்பர்டுக்கும் அது தெரிந்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் மனைவியிடம், நாற்காலியை மறுபக்கம் திருப்பிப்போட்டுக்கொண்டு, தொலைபேசியில் தங்கள் கதையை யாரோ இருவரின் கதையைப்போல அவன் சொல்லும் காட்சியைப் பற்றித்தான் நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. பல ஆண்டுகள் விட்டுப்பிரிந்த மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர, 'பணக்கார அப்பா எப்படி நடப்பார்?' என்று வீட்டுப் பணிப்பெண்ணிடம் கேட்டுப் பழகிக்கொண்டு, கோட்டும் தொப்பியும் அணிந்து போகிறான். மகன் தெருவின் ஒரு பக்கம் நடக்க, அப்பா எதிர்ப்பக்கம் நடக்கிறான். ஒருவரை ஒருவர் பார்த்து அதேபோல நடந்து காட்டியபடியே வீடுவரை வருகிறார்கள். பெற்ற பிள்ளையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் தவிக்கும் ஒருவரின் நடை அது. நானும் ஒரு தாய் என்பதால் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும்.

அந்தப் படம் 1984இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது. அதன் பிறகு அவர் கதாநாயகனாகிவிடவில்லை; மறுபடி சின்ன வேடங்களுக்கே போனார். அதே ஆண்டில் வந்த 'ரெப்போ மேன்' படத்தில், தவணை கட்டாதவர்களின் கார்களைத் தூக்கிக்கொண்டுபோகும் கிழட்டுக் கில்லாடியாக வந்தார். 1986இல் 'பிரிட்டி இன் பிங்க்' படத்தில், மனைவி விட்டுப்போன துக்கத்திலிருந்து மீளாமல், காலையில் மகள் வந்து எழுப்ப வேண்டியிருக்கும் தகப்பன். 2006இல் தொடங்கிய 'பிக் லவ்' தொடரில், பல மனைவிகளைக் கட்டிக்கொண்டு தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ளும் கொடூரன். அந்தக் கனிவான கண்களுக்குள் இவ்வளவு நஞ்சு இருக்க முடியுமா என்று அதிர்ந்துபோவாய். ஆஸ்கருக்கு ஒருமுறைகூட அவர் பெயர் பரிந்துரைக்கப்படவில்லை. ஆனால் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே எழுதிவைத்தார்: ஸ்டாண்டனோ, இன்னொரு குணச்சித்திர நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முற்றிலும் மோசமாக இருக்க முடியாது. அந்த விதிக்கும் விலக்கு உண்டு என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

உன் அப்பா ஏற்கமாட்டார் என்றாலும் சொல்கிறேன்: ஸ்டாண்டனின் ஆகச் சிறந்த நடிப்பு, டேவிட் லிஞ்ச் இயக்கிய 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999) படத்தின் கடைசிச் சில நிமிடங்களில் இருக்கிறது. மனத்தாங்கலில் பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த சகோதரர் நோய்வாய்ப்பட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, கார் ஓட்ட முடியாத முதியவர் ஒருவர் புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வரை போகிறார். உண்மையில் நடந்த கதை. படம் முழுவதும் ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்துடையது. அந்தச் சகோதரராக வரும் ஸ்டாண்டன் கடைசியில்தான் நடைசட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். வந்தவரை உட்காரச் சொல்கிறார். வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார். இதிலேயேவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். கேட்பதற்கு முன்பே முகத்தில் எல்லாம் வந்துவிடுகிறது: ஆச்சரியம், வெட்கம், இத்தனை ஆண்டு வீம்பு. இரண்டு மணி நேரமாக நாம் காத்திருந்த மனிதர் இவர்தான் என்று நம்பவைக்க அவருக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகும் துண்டு வேடம் என்று நீ சொன்னால், அப்போது வாதாடலாம்.

கடைசியாக 'லக்கி' (2017). அவருடைய 91ஆம் வயதில், 2017 செப்டம்பரில் அவர் இறந்த சில நாட்களில் திரையரங்குக்கு வந்தது. இயக்கிய ஜான் கரோல் லிஞ்சும் ஒரு குணச்சித்திர நடிகரே. போரில் கப்பல் சமையல்காரராக இருந்த, கடவுள் நம்பிக்கையில்லாத ஒரு கிழவரின் கதை; அதில் ஒரு காட்சியில், 'ஏலியன்' படத்தில் உடன் நடித்த டாம் ஸ்கெரிட்டோடு போர் நினைவுகளைப் பேசிக்கொண்டிருப்பார். ஒரு பிறந்தநாள் விருந்தில் எல்லாரும் பார்த்திருக்க ஸ்பானியப் பாட்டு ஒன்றைத் தளர்ந்த குரலில் பாடுவார். இதை மட்டும் நீ முதலில் பார்க்காதே. மற்றவற்றையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு வா; விடுமுறைக்கு வரும்போது நாம் மூவரும் சேர்ந்து பார்க்கலாம். அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா