ஒரே தரவு, இரண்டு விடை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டாள் என்று படித்ததும் மகிழ்ச்சி. நான் ஓய்வு பெற்ற பிறகும் பாடம் எடுப்பதை விட்டபாடில்லை. முழங்கால் வலி மட்டும் கூடவே வருகிறது.

சரி, அவள் சந்தேகத்துக்கு வருகிறேன். ஒரே தரவில் ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் ஒரு குணகம் (சமன்பாட்டில் மாறியோடு வரும் பெருக்கெண்) தருகிறது, சாஸ் என்ற இன்னொரு மென்பொருள் வேறொன்று தருகிறது, குறிகூட மாறிவிட்டது என்று பதறியிருக்கிறாள். பதற வேண்டாம் என்று சொல். இரண்டும் சரிதான்.

மூன்று குழுக்கள், சராசரி 10, 14, 21 என்று வைத்துக்கொள். குழுவின் பெயரை அப்படியே சமன்பாட்டில் போட முடியாது. அதை 0, 1 பத்திகளாக மாற்ற வேண்டும். மூன்று பத்தி போட்டால் ஒவ்வொரு வரியிலும் கூட்டுத்தொகை 1 ஆகி, வெட்டுத்துண்டோடு (சமன்பாட்டின் மாறிலி; அதன் பத்தியிலும் எல்லாம் 1தான்) மோதும். அதனால் ஒரு குழுவின் பத்தியை விட்டுவிடுகிறோம்; மற்றவற்றை ஒப்பிட அதுவே அடிப்படையாகிறது. ஆர் முதல் குழுவை அடிப்படையாக்கும்: வெட்டுத்துண்டு 10, குணகங்கள் 4, 11. சாஸில் சராசரிகளை ஒப்பிட உதவும் ஜிஎல்எம் கட்டளை கடைசிக் குழுவை எடுக்கும்: 21, −11, −7. மதிப்பீடு செய்த சராசரிகளும் ஆர்-ஸ்கொயரும் (சமன்பாடு தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மாறவே மாறாது.

ஆரில் 'முதல்' என்பது பொதுவாக அகரவரிசைப்படி. உயர்வு, குறைவு, நடுத்தரம் என்று பெயர் வைத்தால் 'உயர்வு' அடிப்படையாகிவிடும்! யாரும் அப்படி ஒப்பிட நினைத்திருக்க மாட்டார்கள். வரிசையுள்ள வகை என்று அறிவித்தாலோ கதையே வேறு; குழுப் பெயர்களுக்குப் பதில், வாலில் எல் (நேர்கோட்டுப் போக்கு), க்யூ (வளைவு) என்று குணகங்கள் வந்து நிற்கும்.

இதைவிட ஏமாற்றக்கூடியது சாஸின் லாஜிஸ்டிக், அதாவது ஆம்/இல்லை விடைகளுக்கான கட்டளை. சொல்லாவிட்டால் அது விளைவுக் குறியீடு என்ற எண்ணிடும் முறையை எடுத்துக்கொள்ளும்: கடைசிக் குழுவுக்கு 0 கிடையாது, −1. இரண்டே குழு என்றால் ஒன்றுக்கு +1, மற்றதற்கு −1. இடைவெளி 2. ஆகவே அச்சாகும் குணகம் ஆட்ஸ் விகிதத்தின் மடக்கையில் பாதிதான் (ஆட்ஸ் என்பது நடக்கும் வாய்ப்பை நடக்காத வாய்ப்பால் வகுத்தது; இரு குழுக்களின் ஆட்ஸை வகுத்தால் இந்த விகிதம்). அதை நேரே எக்ஸ்பொனென்ஷியல் எடுத்தால் (மடக்கையிலிருந்து பழைய எண்ணுக்குத் திரும்பினால்) உண்மை விகிதம் 4 இருக்க, 2 என்று எழுதிவிடுவோம். சாஸ் தனியே தரும் ஆட்ஸ் விகித அட்டவணை சரியாகவே இருக்கும். குணக அட்டவணையிலிருந்து கையால் கணக்கிடுகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள்.

என்னைக் கேட்டால், மென்பொருள் தானாக எடுக்கும் இயல்புநிலையை நம்பியே இருக்கக் கூடாது. ஆரில் அடிப்படையை மாற்ற ரீலெவல் இருக்கிறது. சாஸில் வகைகளை அறிவிக்கும் கிளாஸ் வரியிலேயே அடிப்படையைச் சொல்லலாம். எந்தக் குழுவோடு ஒப்பிட்டாள் என்பதை அட்டவணைத் தலைப்பிலேயே எழுதச் சொல். இடைவினை உறுப்பு (ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறுவதைக் காட்டுவது) ஏதும் சேர்த்திருக்கிறாளா? அப்படியானால் முதன்மை விளைவின் (ஒரு காரணியின் தனி விளைவு) பி-மதிப்புகூட, அதாவது அதன் முக்கியத்துவத்தைச் சோதிக்கும் எண்கூட, குறியீட்டைப் பொறுத்து மாறும். அந்த வெளியீட்டை எனக்கு அனுப்பச் சொல், உட்கார்ந்து பார்க்கிறேன்.

அப்புறம், உன் கண் அறுவை சிகிச்சை என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
ராமு