சனசமூக நிலைய ஆண்டறிக்கை 2024: இந்தமுறை முழுக்கக் கிணற்றுக் கதை

அங்கத்தவர்கள் எல்லாருக்கும் வணக்கம். கனடாவிலும் லண்டனிலும் இருந்து வட்ஸ்அப் குழுவில் வாசிக்கிற ஊர்ச்சனத்துக்கும் வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வாசிகசாலைக்குப் பத்திரிகை தவறாமல் எடுத்தோம், முன்பள்ளி வேலியைத் திரும்ப அடைத்தோம், விளையாட்டுப் போட்டி மழையால் ஒரு கிழமை தள்ளிப்போய் ஒருமாதிரி நடந்து முடிந்தது. விபரம் வேண்டியவர்கள் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் பாருங்கள். நான் எழுத வந்தது வேறு.

போன பொதுக்கூட்டத்தில் நீங்கள் எல்லாரும் கை உயர்த்தி ஒரு தீர்மானம் எடுத்தீர்கள்: ஊருக்கு மாதம் ஒருதரம் புகை அடிக்க வேண்டும், அதற்கு நிலையம் காசு ஒதுக்க வேண்டும் என்று. நிர்வாகசபை அதை நிறைவேற்றவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். ஏன் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதனால்தான் இந்த அறிக்கை வழமையைவிட நீளமாகப் போகிறது.

புகை பறக்கிற நுளம்பை மட்டும்தான் கொல்லும். அதுவும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் பறந்துகொண்டிருந்தால். டெங்கு நுளம்பு பெரும்பாலும் வீட்டுக்குள், கட்டிலுக்குக் கீழே, கொழுவியில் தொங்குகிற உடுப்புக்குப் பின்னால் இருக்கும். நாங்களோ புகை மெசின் சத்தம் கேட்டதும் முதல் வேலையாகக் கதவு யன்னலை இறுக்கிப் பூட்டுகிறோம். வெளியில் எத்தனை செத்தாலும் தண்ணீருக்குள் இருக்கிற குடம்பிக்கு, அதாவது நுளம்புப் புழுவுக்கு, ஒன்றும் ஆகாது, சில நாளில் அது சிறகு முளைத்து வெளியே வரும். மாதம் ஒருதரம் காசைப் புகையாக விடுவதைவிட அது பிறக்கிற இடத்தைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். எங்கள் ஊரில் அது பிறக்கிற பெரிய இடம் கிணறு.

இது எனக்கும் முதலில் நம்பிக்கை வராத கதைதான். டெங்கு என்றால் சிரட்டை, ரயர், யோகட் கோப்பை, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தட்டு, இவ்வளவும்தான் நாங்கள் படித்தது. கடலோரத்து உவர்க் கிணற்றில் என்ன நுளம்பு வரும் என்று நானே பல கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். பிழை. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பது உலகம் முழுக்கப் பாடமாக இருந்த ஒன்று. அது உவர்நீரிலும் வளர்கிறது என்று 2011 இல் காட்டியவர்களுக்குள் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்காரரும் இருந்தார்கள். அவர்கள் மாதிரி எடுத்தது இங்கேயும் மட்டக்களப்பிலும், கரையில் கிடந்த போத்தல்கள், கைவிட்ட படகுகள், கிணறுகளில் இருந்து. லீற்றருக்கு 15 கிராம்வரை உப்புள்ள தண்ணீரிலும் குடம்பி இருந்திருக்கிறது, அதாவது கடல்நீரில் பாதிக்குக் கொஞ்சம் குறைந்த உப்பு. எங்கள் மேற்கு ஒழுங்கைக் கிணறுகள் அவ்வளவு உவரில்லை என்பது தேத்தண்ணி குடிக்கிற உங்களுக்குத் தெரியும்.

நுளம்பு எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் எல்லாம் ஒரே சாதியும் இல்லை, ஒரே காலத்தில் வந்ததும் இல்லை. மலேரியாவை இடம்பெயர்வுக் காலம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். வன்னியில் இருந்தவர்களைக் கேளுங்கள், குளோரோகுயின் குளிசையின் கைப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது என்பார்கள். அதைப் பரப்பியது கூடுதலாக அனோபிலிஸ் என்ற நாட்டுப்புறத்து நுளம்பு, ஆறு வற்றும்போது படுக்கையில் தேங்குகிற குட்டைகளில் பெருகுவது. 1934–35 இல் தென்மேற்குப் பக்கம் மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகக் கிடந்தபோது ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது அதுதான். பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது, 1963 இல் இலங்கை முழுவதற்கும் 17 நோயாளர்தான். சரி, முடிந்தது என்று கையை எடுத்தார்கள், 1969 இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இந்தக் கணக்கை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன் என்று தலைவர் சலித்துக்கொள்வார். சொல்லத்தான் வேண்டும்.

2000 ஆம் ஆண்டிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் இருந்த மலேரியா, 2012 ஒக்ரோபரில் கடைசி உள்ளூர் நோயாளியோடு நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று பத்திரம் தந்தது. நாலு மாதம் போகவில்லை, அதே டிசெம்பரில் மன்னார்க் கிணறுகளில் புதிய அனோபிலிஸ் ஒன்றைப் பிடித்தார்கள். பெயர் ஸ்டீபன்சி. 1901 இலேயே இந்தியாவில் அடையாளம் கண்டு பெயர் வைத்த பழைய ஆள்தான், இலங்கைக்குத்தான் புதிது. பழைய அனோபிலிசுக்கு நகரம் ஒத்துவராது, இதற்கு நகரம்தான் சொந்த வீடு. சென்னையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் கிணறும் இருந்தால் போதும், மலேரியாவைப் பரப்பிவிடும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 30 கிலோமீற்றர் அளவுதான். அடுத்த சில வருடத்துக்குள் யாழ்ப்பாண நகரத்துக் கிணறுகளிலும் அதைக் கண்டுவிட்டார்கள்.

"இப்ப மலேரியா இல்லைத்தானே அண்ணை" என்று குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். இல்லைத்தான். ஆனால் வெளிநாட்டில் தொற்றி வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். 2018 இல் மொனராகலையில் அப்படி இந்தியாவிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர் ஆளுக்குத் தொற்றியது. கெட்டித்தனமாக அங்கேயே அமுக்கிவிட்டார்கள். அமுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆபிரிக்காவில் ஜிபூட்டி இருக்கிறது. துறைமுக நாடு, இந்த ஸ்டீபன்சியை அங்கே கண்டது 2012 இல். அந்த வருடம் மலேரியா நோயாளர் 27 பேர், 2020 இல் 73,000 க்கு மேல்.

டெங்கு நுளம்பின் கதை வேறு மாதிரி. அது தானாகப் பறந்தால் ஒன்றிரண்டு நூறு மீற்றர்தான். ஆனால் ரயருக்குள்ளே, பீப்பாவுக்குள்ளே முட்டை ஒட்டிக்கொண்டால் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது, லொறியில் ஏறி எங்கேயும் போய் அடுத்த மழைக்குப் பொரிக்கும். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்து 2009 கடைசியில் தெற்கிலிருந்து பஸ்சும் லொறியும் வரத் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு டெங்கு பார்த்தோமே, நினைவிருக்கும். பாதையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்றும் இல்லை: 2006 ஓகஸ்டில் பாதை பூட்டி, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அதே வருடம் நவம்பரில் அதே நுளம்பு பரப்புகிற, மூட்டைப் பிடிக்கிற சிக்குன்குன்யாக் காய்ச்சல் உள்ளே வந்துவிட்டது. எங்கள் நிலையத்தின் அப்போதைய தலைவர் இரண்டு மாதம் கையெழுத்துப் போட விரல் மடங்காமல் இருந்தார். அந்த மாதக் கூட்டக் குறிப்புகளில் பெருவிரல் அடையாளம்தான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இனிக் கிணறு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்த பரிசோதகர் பெடியளுக்கு ஒரு சனிக்கிழமை காட்டித் தந்தார். நிழல் விழாமல் கிணற்றுக் கட்டோரம் நிற்க வேண்டும், நிழல் பட்டால் குடம்பி எல்லாம் கீழே இறங்கிவிடும். வெள்ளை வாளியைச் சுவரோடு அணைத்துச் சாய்த்து இறக்கி, மெதுவாகத் தூக்கி, வெளிச்சத்தில் வைத்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தால் டெங்கு நுளம்பாகவோ வீட்டு நுளம்பாகவோ இருக்கலாம். வைக்கோல் துரும்பு மாதிரித் தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் அனோபிலிஸ். முதல் நாள் ஐந்தாவது கிணற்றில் அப்படிப் படுத்துக் கிடந்த மூன்றைக் கண்டபோது பெடியளுக்கு ஒரே புளுகம். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது, ஏனென்றால் அது என்ரை வீட்டுக் கிணறு. அவற்றைப் போத்தலில் அடைத்துக் கொடுத்து அனுப்பினோம். என்ன இனம் என்ற பதில் எழுத்தில் இன்னும் வரவில்லை, இரண்டு தரம் ஞாபகக் கடிதம் போட்டாயிற்று.

மருந்து போடக் கன பேருக்கு விருப்பமில்லை, குடிக்கிற தண்ணீர் என்பதால் அது நியாயம். அதனால் குடம்பியைத் தின்கிற கப்பி மீன் விடுவது என்று தீர்மானித்தோம். வடக்கு ஒழுங்கை ஆச்சியிடம் போய் "ஆச்சி, உங்கடை கிணத்துக்குக் கப்பி போட வந்திருக்கிறம்" என்று பெடியள் சொல்ல, "என்ரை கிணத்துக்கு நல்ல கப்பி இருக்குத்தானே தம்பி, கயிறுதான் இத்துப்போச்சு, அதை மாத்தித் தாங்கோ" என்றா. மீன் என்று விளங்கப்படுத்தினதும் முகம் மாறிவிட்டது: "மச்சம் சாப்பிடாத வீட்டுக் கிணத்துக்குள்ளை மீனோ?" அப்படி மறுத்த வீடுகள் ஒன்றிரண்டு இல்லை, ஒரு ஒழுங்கை முழுக்க. அவர்களோடு வாதாடவில்லை. அந்தக் கிணறுகளுக்கு வலை போர்த்தோம், ஓரத்தில் இடைவெளி விடாமல் கம்பி வளையத்தில் கட்டி. ஆச்சிக்குக் கயிறும் மாற்றிக் கொடுத்தோம். அது நிலையக் கணக்கில் "இதர செலவு" என்று இருக்கும், பொருளாளரை யாரும் குடைய வேண்டாம்.

உண்மையில் இடறினது பூட்டிய வீடுகளில். உரித்தாளர் வெளிநாட்டில், திறப்பு யாரிடம் என்று தெரியாது, மதில் உயரம், உள்ளே கிணறு திறந்தபடி, பக்கத்தில் பாதி கட்டின தொட்டி. குழுவில் மூன்று தரம் எழுதினேன். சிலர் உடனே தொலைபேசி எடுத்து ஆள் ஒழுங்குசெய்து தந்தார்கள், ஒரு அக்கா வலைக்கும் காசு அனுப்பினா. சிலர் நீல அடையாளம் விழுந்தும் மறுமொழி இல்லை. கோயில் திருவிழாவுக்கு உபயம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வருகிற அதே ஆக்கள்தான், கோபித்தாலும் பரவாயில்லை எழுதிவிட்டேன். மதில் ஏறிக் குதிப்பதில்லை என்று நிர்வாகசபை முடிவெடுத்தது, அப்புறம் அது வழக்காகும். அந்த வீடுகளின் பட்டியலைக் கிராம அலுவலரிடமும் பரிசோதகரிடமும் கொடுத்திருக்கிறோம்.

நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து செய்ததில் பாதியை அள்ளிக்கொண்டு போனது. கட்டுத் தாழ்ந்த கிணறுகளில் வெள்ளம் மேலால் பாய்ந்து கப்பி எல்லாம் வயலுக்குப் போய்விட்டது, இரண்டு இடத்தில் வலையும் போனது. டிசெம்பரில் காய்ச்சல் என்றதும் எல்லாரும் டெங்கு என்றுதான் பயந்தோம், பிறகு பார்த்தால் குடாநாட்டில் உயிர் எடுத்தது எலிக்காய்ச்சல். அதற்கு நுளம்பு வலையும் கப்பியும் ஒன்றும் செய்யாது, வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்காமல் இருப்பதும் வைத்தியர் தருகிற குளிசையும்தான். அந்த மூன்று கிழமையும் கிணறு வேலையை விட்டுவிட்டு பெடியள் வயல்காரரைக் கூட்டிக்கொண்டு குளிசை எடுக்கப் போனார்கள். அவர்களுக்கு இந்த அறிக்கையில் நன்றி எழுதாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு நான் வரவே தேவையில்லை.

டெங்கு குறைந்ததா என்று கேட்பீர்கள். ஊரில் வந்தது, ஆஸ்பத்திரியில் நின்று சுகமாகி வந்தார்கள். ஒரு வருடத்தை வைத்து எங்கள் வேலையால்தான் குறைந்தது கூடினது என்று மார்தட்ட நான் தயாரில்லை. தை மாதம் திரும்பக் கிணறு பார்த்தபோது வலை ஒழுங்காக இருந்த கிணறுகளில் குடம்பி காணவில்லை, மீன் போன கிணறுகளில் கண்டோம். அவ்வளவுதான் கையில் இருக்கிற சான்று. புகைத் தீர்மானத்தை இந்தக் கூட்டத்தில் திரும்ப எடுக்க விரும்புகிறவர்கள் எடுக்கலாம், வாக்கெடுப்பு வைப்போம். நிர்வாகசபை எதிர்த்துத்தான் வாக்குப் போடும்.

நிலையத்துக்குப் பின்னாலுள்ள சீமெந்துத் தொட்டியில் கப்பி பெருகிக் கிடக்கிறது, போத்தலோடு வந்து அள்ளிக்கொண்டு போங்கள். அடுத்த கிணறு பார்க்கிற நாள் வருகிற ஞாயிறு காலை ஆறரை, தெற்கு ஒழுங்கையிலிருந்து தொடங்குவோம். ரோச் லைற் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள். நிலையத்தில் இருந்த இரண்டில் ஒன்று போன மாதம் கோயில் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது.

செயலாளர்